வண்ணம் பூசாத கொம்பு

ஆய்வுக்கூடத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் பினாங்குக்காரி. சேர்ந்த முதல் வாரம், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, பால் மாதிரி எடுக்கப் பிரிக்பீல்ட்ஸ் மாட்டுக் கொட்டகைகளுக்குப் போய்விட்டு வந்து, புட்டிகளை மேசையில் வரிசையாக வைத்தபடியே கேட்டாள்.

"அக்கா, இங்க உள்ள மாடுங்களுக்கு ஏன் இடது கொம்புல மட்டும் பெயிண்டு? இந்த ஊர்ச் சாமிக்கு நேர்த்திக்கடனா?"

"நேர்த்திக்கடன் இல்ல. ஒரு புகார் மனு."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று சோதிக்க வேண்டிய புட்டிகள் நிறைய இருந்தன. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கே சிரிப்பு வருகிறது. எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. கல்யாணம் ஆகிற பெண் வேலையை விட வேண்டும் என்பது விதி. சென்ற மாதக் கடைசியில் என் வெள்ளை மேலங்கியைத் துவைத்து, மடித்து, ஒப்படைத்துவிட்டு வந்தேன். அப்பா ரயில்வேயில் கார்டு. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தேன். ஆய்வுக்கூடத்தில் முதல் வருடம் புட்டி கழுவினேன். இரண்டாம் வருடம், கழுவிய புட்டி சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகுதான் மைக்ராஸ்கோப்பைத் தொட விட்டார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

எங்கள் மேலாளர் திரு. செல்லத்துரை யாழ்ப்பாணத்தவர். எந்தத் தாளையும் நின்றுகொண்டேதான் படிப்பார். வாயில் ஒரு கிராம்பு இருக்கும். தவறு என்று ஒருநாளும் சொன்னதில்லை. படித்து முடித்ததும் நம் மேசையில் தாளை வைத்துவிட்டுப் போவார். நிமிர்ந்திருந்தால் அனுப்பலாம். கவிழ்ந்திருந்தால் மறுபடி எழுத வேண்டும். ஏன் என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். முதல் இரண்டு வருடம் என் மேசையில் நிமிர்ந்த தாளைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை.

பால் விற்கும் மாடுகளுக்குக் காசநோய் இருக்கிறதா என்று சோதிப்பது மாட்டு டாக்டரின் வேலை. எங்களுடையது பாலைச் சோதிப்பது. ஆனாலும் அவர் சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பது எங்களுக்கு மனப்பாடம். மாட்டின் கழுத்தில் சிறிய இடத்தில் மயிரைக் கத்தரிக்க வேண்டும். அங்கே தோலை மடித்துப் பிடித்து, அதன் தடிப்பைக் கேலிப்பரால் அளந்து குறிக்க வேண்டும். பிறகு மருந்தைத் தோலுக்கு உள்ளேயே ஏற்ற வேண்டும். தோலைத் தாண்டி உள்ளே போய்விடக் கூடாது. முக்கியமானது இனிமேல்தான். மூன்றாம் நாள் திரும்பி வந்து அதே இடத்தில், அதே மடிப்பை மறுபடி அளக்க வேண்டும். நோயுள்ள மாட்டுக்கு அந்த இடம் வீங்கிச் சுடும். தொட்டால் மாடு உதறும். இல்லாத மாட்டுக்கு ஒன்றும் இராது. மூன்றாம் நாள் வராவிட்டால் முதல் நாள் போட்ட ஊசிக்கு அர்த்தமே இல்லை.

எந்த மாடு எது என்பதற்கு ஒவ்வொன்றின் வலது கொம்பிலும் ஓர் எண்ணைச் சூடு போட்டிருப்பார்கள். அளவுகள் அந்த எண்ணுக்கு நேராகத்தான் எழுதப்படும்.

எங்கள் பக்கத்து மாட்டு டாக்டர் ஒரு வெள்ளைக்காரர். கைதேர்ந்தவர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வயிற்றில் கன்று குறுக்கே விழுந்துவிட்ட ஒரு பசுவை, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாணியில் படுத்துக்கொண்டு அவர் காப்பாற்றியதை நானே பார்த்திருக்கிறேன். கொட்டகைக்காரர்கள் அதற்காக அவரை வெகுநாள் கும்பிட்டார்கள். பிறகு ஏதோ நேர்ந்துவிட்டது. வருவதாகச் சொன்ன நாளில் வருவது குறைந்தது.

அந்த மனு எழுதிய வருடம், போகியன்று வந்து எல்லா மாடுகளுக்கும் ஊசி போட்டார். மூன்றாம் நாள் மாட்டுப் பொங்கல். அதற்கடுத்த வாரம் அஞ்சலையின் பசுவுக்குக் காசநோய் என்று உத்தரவு வந்தது. பசுவைப் பிடித்துக்கொண்டு போய்த் தனிக் கொட்டகையில் கட்டினார்கள். மாதக் கடைசியில் கொன்று எரித்துவிடுவார்கள்.

அஞ்சலை புருஷனை இழந்தவர். அந்த ஒரு பசுவை வைத்துத்தான் வீடு நடந்தது. அதன் பெயர் செவலை. கன்று போட்டு எலும்பு தெரிய மெலிந்திருந்தது. மழையில் நனைந்து கொஞ்சம் இருமலும் இருந்தது. பார்த்தவுடன் நோயாளி என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அஞ்சலை தினமும் காலையில் தனிக் கொட்டகைக்கு நடந்து போய்ப் பால் கறந்தார். கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும். கறந்த பாலைக் காவல்காரன் கண் முன்னால் சாக்கடையில் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டு, காலி வாளியோடு நேரே எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

"மிஸ்ஸி, அந்தத் தொரை வரவே இல்ல. ஊசி போட்டுட்டுப் போன மனுசன் திரும்பி எட்டிக்கூடப் பாக்கல. பாக்காத மாட்டுக்கு நோவுன்னு எப்படி எழுதுனாரு?"

"அக்கா, இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"மனு குடுத்தேனே! பாசார் அஞ்சடில மேச போட்டு எழுதுறாரே, அவருகிட்ட எழுதிக் குடுத்தேன். முடியாதுன்னு பதில் வந்துடுச்சி."

அந்த மனுவின் நகலை வாங்கிப் படித்தேன். கடைத் தெருவின் நடைபாதையில் உட்கார்ந்து மனு எழுதும் அந்தப் பெரியவர் நல்ல மனிதர், தெரிந்ததை எழுதியிருந்தார். துரையவர்களே தாயும் தந்தையும் என்றும், இந்தப் பசு அனாதைப் பெண்ணின் ஒரே ஆதரவு என்றும், பாதங்களில் விழுந்து கருணை வேண்டுவதாகவும் இருந்தது. மூன்றாம் நாள் டாக்டர் வரவில்லை என்ற ஒரு வார்த்தை அதில் இல்லை. நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற தவறு இது. நியாயம் கேட்க வேண்டிய இடத்தில் இரக்கம் கேட்டுவிடுகிறோம். இரக்கத்தை மறுத்துவிடுவது சுலபம்.

நான் கோபத்தோடு புதிய மனு எழுதினேன். டாக்டர் கடமை தவறியவர், செவலை ஆரோக்கியமான பசு, அநியாயம் நடந்திருக்கிறது என்றெல்லாம் எழுதி, செல்லத்துரையிடம் கொடுத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது தாள் கவிழ்ந்திருந்தது.

செவலையின் பாலைத் தனிக் கொட்டகைக்கே போய் வாங்கி, சுழற்றி, அடியில் படிந்ததை எடுத்து, நிறமேற்றி, மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்கும் வரை பார்த்தேன். கிருமி எதுவும் தென்படவில்லை. அதையும் சேர்த்து எழுதினேன். மறுபடியும் கவிழ்ந்திருந்தது. அன்று பொறுமையிழந்து அவர் அறைக்கே போய்விட்டேன்.

"மாட்டுக்கு வருத்தம் இல்லையெண்டு எழுதியிருக்கிறீர். உமக்கு அது தெரியுமோ, பிள்ளை?"

"பால்ல நோய்க்கிருமி ஒண்ணும் இல்ல சார்."

"பாலிலை நீர் காணேல்லை. அவ்வளவுதான். நாளைக்கு வருத்தம் இருக்கெண்டு தெரிஞ்சால் உம்முடைய மனு முழுக்கப் பொய்யாப் போயிடும்." கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். "நாங்கள் மாட்டைப் பற்றி முறையிடேல்லை. மனுசனைப் பற்றி முறையிடுறம். அவர் செய்ய வேண்டியது என்ன? செய்யாதது என்ன? ஆர் கண்டது? நாங்கள் கேக்கிறது என்ன? இவ்வளவும் போதும். கடமை தவறினவர் எண்டு நீர் சொல்லாதேயும். படிக்கிறவர் சொல்லட்டும்."

எனக்கு எதையும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் மனம் அடங்கும். அவர் கேட்ட நான்கையும் எழுதிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அங்கே வீரப்பன் இருந்தார். ரயில்வே பட்டறையில் பெட்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் வேலை அவருக்கு. கொட்டகையிலேயே கொழுத்த, பளபளக்கும் பசு அவருடையது. வெள்ளச்சி என்று பெயர். அவரும் அஞ்சலையும் எப்போதும் சண்டை.

"மிஸ்ஸி, எழுதிக்கங்க. அன்னிக்கு விடிகாலையில எல்லா மாட்டையும் குளிப்பாட்டி, கொம்புக்குப் பெயிண்டு அடிச்சேன். நம்ம பெயிண்டு சும்மா இல்லலா! ரயில் பொட்டிக்கு அடிக்கிறது. மழையில போவாது, வெயில்ல போவாது. இந்த அக்கா மூஞ்சிக்கு அடிச்சாக்கூட ஒரு வருசம் நிக்கும்."

"ஒன் வாய்க்கு அடிச்சிக்கடா மொதல்ல" என்றார் அஞ்சலை.

"மூனாம் நாள் முழுக்க நீங்க எல்லாரும் கொட்டகையிலதான் இருந்தீங்களா?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் கோயிலுக்குப் போயிருந்தார்கள். கொஞ்ச நேரம் கொட்டகையில் ஒருவரும் இல்லை.

"அத எழுத வேணாம் மிஸ்ஸி" என்றார் அஞ்சலை மெதுவாக.

எழுதத்தான் வேண்டும் என்றார் செல்லத்துரை. "உங்களுக்குக் கூடாததையும் நீங்களே எழுதினால்தான், நல்லதை எழுதேக்க நம்புவினம்." எழுதினேன். ஆனால் கொம்புக்கு வண்ணம் அடித்ததை நான் எழுதியிருந்த வரியை மட்டும் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண் சூடு போட்டிருப்பது வலது கொம்பில். அதன் மேல் கெட்டியாகப் பெயிண்ட். அன்று கொட்டகைக்கு வந்த எவரும் அந்த எண்ணைப் படித்திருக்க முடியாது. எங்களிடம் வேறு என்ன இருந்தது?

"அதுதானே சார் நம்ம பக்கம் இருக்கிற ஒரே பலம்?"

"அதாலைதான். முதலிலையே எழுதினால், ஓம், பெயிண்ட் இருந்தது, மாடு நிண்ட இடத்தை வைச்சுக் கண்டுபிடிச்சனான் எண்டு பதில் வரும். ஒவ்வொரு மாட்டையும் எப்படி அடையாளம் கண்டவர் எண்டு அவரைக் கேக்க வேணும். அதை மட்டும் எழுதும்."

"இது பொறி வைக்கிற மாதிரி இல்லையா சார்?"

"போனவருக்கு இது பொறி இல்லை, பிள்ளை. போகாதவருக்குத்தான் பொறி."

மனுவின் கடைசியில் இரண்டு வேண்டுகோள்கள்: விசாரணை முடியும் வரை பசுவைக் கொல்லக் கூடாது, உரிய காலம் கழித்து எல்லா மாடுகளையும் வேறொரு டாக்டர் மறுபடி சோதிக்க வேண்டும். இந்த முறை தாள் நிமிர்ந்திருந்தது. அஞ்சலை கைநாட்டு வைத்தார். எழுதியவர் பெயரைக் கீழே போட வேண்டும் என்பது முறை. என் பேனா அங்கே நின்றது. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மேல் புகார் எழுதிய பெண்ணுக்கு வேலை நிலைக்குமா என்று வீட்டில் அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கையெழுத்துப் போட்டேன். செல்லத்துரை தாளை இழுத்து, என் பெயருக்குக் கீழே, 'என் அனுமதியுடன் எழுதப்பட்டது' என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். அவருக்கு ஓய்வூதியம் நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. அதைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

பசுவைக் கொல்வதை நிறுத்தி வைக்கும் உத்தரவு, மாதம் முடிவதற்குள் வந்தது. விசாரணைக்கும் நாள் குறித்தார்கள்.

விசாரித்தவர் மாட்டு டாக்டர்களுக்கெல்லாம் மேலதிகாரி. வயதான துரை, காது கொஞ்சம் மந்தம். அதனால் எல்லோரும் எதையும் உரக்க, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் பேசுவதை ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழிலும் சொல்ல என்னை நிறுத்தினார்கள். டாக்டர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தாம் மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் போனதாகவும், அப்போது கொட்டகையில் யாரும் இல்லை என்றும், அதை மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார். அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. இதற்குத்தான் எழுத வேண்டாம் என்றேன் என்றது அந்தப் பார்வை.

மேலதிகாரி மனுவைப் புரட்டினார். "ஒவ்வொரு மாட்டையும் எப்படி அடையாளம் கண்டீர்கள்?"

"கொம்பில் இருக்கும் எண்ணைப் பார்த்து. வழக்கம் போல."

"என்ன?"

"கொம்பில் இருக்கும் எண்ணைப் பார்த்து!"

"எல்லா மாட்டுக்குமா? நீங்களே பார்த்தீர்களா?"

"எல்லா மாட்டுக்கும். நானே பார்த்தேன்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். குரல் எதையும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்பதுதான் அப்போது என் கவலை. மேலதிகாரி அஞ்சலையைப் பார்த்து, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"தொரைய ஒண்ணே ஒண்ணு கேளுங்க மிஸ்ஸி. அன்னிக்கு எம்மாட்டுக் கொம்பு என்னா கலருன்னு கேளுங்க."

கேட்டேன். டாக்டர் புருவத்தைத் தூக்கினார். "கொம்பு கொம்பின் நிறத்தில்தான் இருந்தது. வேறென்ன நிறத்தில் இருக்கும்?"

வீரப்பனால் அடக்க முடியவில்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. என்ன சிரிப்பு என்று மேலதிகாரி இரண்டு தடவை கேட்டார். நான் மாட்டுப் பொங்கல் என்றால் என்ன என்று தொடங்கி, விடிகாலைக் குளியல், ரயில் பெட்டிப் பெயிண்ட் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். எல்லோரும் தனிக் கொட்டகைக்குப் போனோம். செவலையின் இரண்டு கொம்புகளும் அப்போதும் பச்சைப் பசேல் என்றிருந்தன. மேலதிகாரி பேனாக்கத்தியால் வலது கொம்பைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட, அடியிலிருந்து எண் வந்தது.

டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நான் போகவில்லை. அளவுகள் நானாக எழுதியவை" என்றார். மேலதிகாரிக்குக் கேட்கவில்லை. அதையும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. அன்று அவர் கிள்ளானில் இருந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எதற்காக என்று நான் விசாரிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். கடைசியில் உண்மையைச் சொன்னதற்காக இன்றும் அவருக்கு என் மனத்தில் ஒரு மரியாதை உண்டு.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒருமுறை ஊசி போட்ட மாட்டை உடனே மறுபடி சோதித்தால் சரியான விடை வராது. அதனால் சில வாரங்கள் காத்திருந்து, புது டாக்டர் வந்து எல்லா மாடுகளையும் சோதித்தார். மூன்றாம் நாள் நானும் கூட இருந்தேன். செவலையின் கழுத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளச்சியின் கழுத்தில் கோழிமுட்டை அளவுக்கு வீக்கம். கேலிப்பர் பட்டதும் துள்ளி உதைத்தது.

கொட்டகையிலேயே அழகான பசு அது. பழைய டாக்டர் அன்று வராமல், பார்வைக்கு நோயாளியாகத் தெரிந்ததை எழுதிவிட்டார். உண்மையில் நோய் இருந்ததை விட்டுவிட்டார். வெள்ளச்சியை அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் முழுக்க முடிச்சுகள்.

எங்களுக்காகச் சாட்சி சொன்னவருடைய மாடு போய்விட்டது. வீரப்பன் என்னைத் தெருவில் கண்டால் அந்தப் பக்கம் போய்விடுவார். மனு எழுதியதே தவறோ என்று கூட நினைத்தேன். செல்லத்துரையிடம் சொன்னேன். அவர் அந்தப் பழைய மனுவின் நகலை எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். நிமிர்த்தித்தான் வைத்திருந்தார்.

வெகு நாள் கழித்து, மாதா கோயில் வாசலில் வீரப்பன் எனக்காகக் காத்து நின்றார்.

"மிஸ்ஸி, எங்க வீட்டுப் புள்ளைங்க அந்தப் பாலத்தான் குடிச்சிட்டு இருந்துச்சிங்க. கறந்த சூட்டோட, நுரையோட. நான்தான் குடுப்பேன்." துண்டை முறுக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "மாடு போனா இன்னொரு மாடு வரும்லா" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அடுத்த மாட்டுப் பொங்கலன்று அவரிடம் மாடு இல்லை. ஆனாலும் விடிகாலையில் பெயிண்ட் டின்னோடு கொட்டகைக்கு வந்தாராம். எல்லா மாட்டுக்கும் இடது கொம்புக்கு மட்டும் அவரே அடித்தாராம். வலது கொம்பை ஒருவரையும் தொடவிடவில்லை. "இனி எவனும் வந்தேன், நம்பரு தெரியலன்னு சொல்லக் கூடாது" என்றாராம். அது அப்படியே வழக்கமாகிவிட்டது. பினாங்குப் பெண் பார்த்தது அதைத்தான்.

அந்த மனுவால் என் வேலை போகவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை எழுதிப் பார்த்தேன். தாள் நீண்டுகொண்டே போகிறது. காது கேளாத அந்த மேலதிகாரி அதில் உண்டு. அஞ்சடியில் மனு எழுதும் பெரியவரும் உண்டு; அவர் இப்போதெல்லாம் தம்மிடம் வருகிறவர்களிடம், 'ஆர் கண்டது?' என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்கிறார் என்று அஞ்சலை சொல்கிறார். செல்லத்துரைக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் நிச்சயமானதும் என் ராஜினாமாக் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். சாயங்காலம் என் மேசைக்கு வந்தபோது அது கவிழ்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை.

இப்போது கொம்பில் சூடு போடுவதை நிறுத்திவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே எல்லா மாடுகளுக்கும் காதில் பித்தளை வில்லை மாட்டியாகிவிட்டது, எண் அதில்தான். எனவே இரண்டு கொம்புக்கும் தாராளமாக வண்ணம் அடிக்கலாம். இதைச் சொல்ல, நான் வேலையில் இருந்த கடைசி மாட்டுப் பொங்கலன்று கொட்டகைக்குப் போனேன். செவலைக்கு வயதாகிவிட்டது. இடது கொம்பில் பச்சை ஈரமாக மின்னியது. வலது கொம்பு வெறுமையாக இருந்தது.

"அக்கா, இனிமே ரெண்டு கொம்புக்கும் அடிக்கலாம். நம்பரு காதுல வந்துடுச்சில்ல?"

"தெரியும் மிஸ்ஸி. வீரப்பன் மத்த மாட்டுக்கெல்லாம் ரெண்டுக்கும் அடிச்சிட்டுப் போயிட்டான்." அஞ்சலை டின்னிலிருந்து தூரிகையை எடுத்து, விளிம்பில் வழித்து, என்னிடம் நீட்டினார். "இது ஒங்களுக்குன்னு நான்தான் நிறுத்தி வச்சேன்."

அடித்தேன். செவலை தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததால் பாதி பச்சை என் சட்டைக் கையில். துவைத்துப் பார்த்தேன், போகவில்லை. ரயில் பெட்டிக்கு அடிக்கிற பெயிண்ட்.